வீட்டுத்தெய்வம் சாப்பிட்ட மீன்

ஜம்மு
டிசம்பர் 2

நீரஜாவின் அப்பாவுக்கு,

நமஸ்காரம். சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். கோபித்துக்கொண்டு கிளம்பியவள் கடிதம் எழுதமாட்டாள் என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். நானும் எழுதுவதாக இல்லை. ஆனால் கிளம்பிய அவசரத்தில் தோட்டத்துக் குழியைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ் மலைச் சுரங்கத்தைத் தாண்டி வெயில் முகத்தில் பட்டபோதுதான் ஞாபகம் வந்தது.

டர்னிப், முள்ளங்கி, கேரட் மூன்றையும் குழியில் வைக்கோல் பரப்பிப் புதைத்திருக்கிறேன். பனி விழுந்து மூடினால் குழி எங்கே என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அதனால் உடைந்த படகுத் துடுப்பு ஒன்றை அதன் தலைமாட்டில் நட்டு வைத்திருக்கிறேன். அதைத் தொடாதீர்கள். ஹாக் கீரையைப் பனி மூடினாலும் பிடுங்கிவிட வேண்டாம், அது அடியில் உயிரோடுதான் இருக்கும். சுரைக்காய் வற்றலும் கத்தரி வற்றலும் பரணில் சரம் சரமாகத் தொங்குகின்றன. வற்றலை வெந்நீரில் ஊறவைத்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று கேட்காதீர்கள். ஊருக்கெல்லாம் விளக்குப் போட்ட மின்சார இலாகா அதிகாரிக்கு வீட்டு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

நம் பந்தயத்தையும் எழுதிவிடுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்பீர்கள். "அடுப்படியில என்ன பெரிய வித்தை இருக்கு? ஒரு குளிர்காலம் நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது நீங்கள். சிவராத்திரி வரை வீட்டையும் தோட்டத்தையும் நீங்களே நடத்த வேண்டும். ஓட்டல் கூடாது. உங்கள் அக்கா வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வரக் கூடாது. நடத்திவிட்டால் ஜம்மு பேச்சை நான் இனி எடுக்கவே மாட்டேன். முடியவில்லை என்றால் ரைனாவாரி வீட்டை விற்றுவிட்டு, மாப்பிள்ளை ரோஷன் இங்கே பக்கத்தில் பார்த்துவைத்திருக்கும் மனையில் வீடு கட்டுகிறோம். மனைக்காரர் சிவராத்திரி வரை காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்.

பேத்தி உங்கள் மூக்கோடு பிறந்திருக்கிறாள். பாவம், பெண் குழந்தை.

பிரபாவதி


ரைனாவாரி, ஸ்ரீநகர்
டிசம்பர் 8

பிரபாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் மூக்கைப் பற்றி எழுதியதை அலட்சியப்படுத்துகிறேன்.

இங்கே எல்லாம் நேர்த்தியாக நடக்கிறது. காலையில் உப்புத் தேநீர் நானே போடுகிறேன். சோறு சில நாள் குழைகிறது, சில நாள் குழைவதில்லை, ஆனால் எல்லா நாளும் சோறாகத்தான் இருக்கிறது. கத்தரி வற்றலை ஊறவைத்துத்தான் சமைத்தேன். (இரண்டாம் தடவை.) பால்காரர் சுல்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "பண்டித்ஜி, வீடு தீப்பிடிச்சிருச்சோன்னு ஓடியாந்தேன், சமையலா?" என்றார். அவருக்கு எப்போதும் வேடிக்கை.

முதல் பனி நேற்று விழுந்தது. கூரையில் கனம் ஏறிவிட்டதென்று நானே நீளமான கழி ஒன்றால் தள்ளி இறக்கினேன். முழங்கால் அளவு பனி தோட்டத்தில் சரிந்து சமமாகப் பரவி, பார்க்க வெகு அழகாக இருக்கிறது. பாதாம் மரத்தின் கீழ்க்கிளையைத் தட்டிவிட்டேன், முறியவில்லை.

தனா அக்கா தினமும் வருகிறாள். உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க. உன் நாத்தனாரின் குணம் உனக்குத் தெரியாதா? "டேய் சர்வா, உப்பு போட்டியா, இல்ல உப்புக்கு லீவு விட்டியா?" என்கிறாள். வாயைத் திறக்கிறாளே தவிர கையை நீட்டுவதில்லை. ஆகவே பந்தயம் பந்தயமாகவே இருக்கிறது.

பேச்சோடு பேச்சாக ஒன்று. அந்தக் குழி பாதாம் மரத்திலிருந்து எத்தனை அடி? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சர்வானந்த்


ஜம்மு
டிசம்பர் 12

நீரஜாவின் அப்பாவுக்கு,

நீளமான கழி. அப்படியா? வீட்டில் நீளமான கழி என்று ஒன்று இருந்ததே இல்லை. துடுப்பைப் பிடுங்கிக் கூரைப் பனியைத் தள்ளியிருக்கிறீர்கள். தள்ளிய பனியைக் குழியின் மேலேயே தள்ளியிருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவரைப் பார்த்திருக்கிறேன், பனியில் மறைப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாதாம் மரத்தை விடுங்கள். துணி துவைக்கும் கல்லில் நின்று கொல்லைக் கதவைப் பாருங்கள். இடதுகைப் பக்கம், வேலியை ஒட்டி. கடப்பாரையால் குத்தாதீர்கள், டர்னிப் காயம்பட்டால் அழுகிவிடும். மண்வெட்டியால் மேலாக வாருங்கள்.

இங்கே மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் கால்விரல் வீக்கமும் அரிப்பும் போய்விட்டன. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கெட்டிலோடு போய் வெந்நீர் ஊற்றி உறைந்த குழாயைக் கெஞ்ச வேண்டியதில்லை. சம்பந்தியம்மாள் என்னை ஒரு துரும்பு எடுக்கவிடுவதில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இனி எழுதுவது பந்தயத்தில் சேராது. தேய்பிறை ஆரம்பித்துவிட்டது. வருஷா வருஷம் போல வீட்டுத்தெய்வத்துக்கு மீனும் சோறும் வைக்க வேண்டும். நம் வீட்டுக்குச் சனிக்கிழமைதான் வழக்கம். அந்த வீட்டின் தெய்வத்துக்கு நான் இங்கே சமைக்க முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். குளித்துவிட்டு, வெறுங்காலோடு அடுப்படிக்குள் போங்கள். மீனைக் கடுகெண்ணெயில் நன்றாகச் சிவக்கப் பொரித்து, முள்ளங்கியோடு சேர்த்து, பெருங்காயம், மிளகாய்த்தூள், சோம்புத்தூள், சுக்குப்பொடி போட்டுக் கொதிக்க விடுங்கள். ருசி பார்க்கக் கூடாது. முதல் தட்டைத் தெய்வத்துக்கு எடுத்துப் பரணில் வைத்துக் கூடையால் மூடுங்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்து எடுத்து வாருங்கள்.

அக்காவை மேற்பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் அனுமதி.

பிரபாவதி


ரைனாவாரி
டிசம்பர் 17

பிரபா,

குழி அகப்பட்டது. நீ சொன்ன இடத்தில்தான். (அதற்கு முன் வேறு நான்கு இடங்களில் அகப்படவில்லை. வேலிப் பக்கம் ஏதோ கிழங்குகளைக் கிளறிவிட்டேன், திரும்பப் புதைத்துவிட்டேன். பூச்செடியாக இருக்கும்.)

சனிக்கிழமை நடந்ததை உனக்கு எழுத வேண்டும். வேடிக்கையாக எழுத வரவில்லை.

காலையில் பாலத்துக்குப் போய் ஜூனியிடம் மீன் வாங்கினேன். உன்னைத்தான் முதலில் விசாரித்தாள். "பண்டித்ஜி, அம்மா வரலியா? அப்ப மீனு யாரு ஆய்றது, யாரு பொரிக்கறது? நீங்களா? அல்லா! இந்தாங்க, பெருசா எடுத்துக்கோங்க, பாதியக் கருக்கினாலும் பாதி மிஞ்சும்" என்றாள்.

கருக்கவில்லை பிரபா. அக்கா அடுப்படி வாசலில் காங்ரித் தணல்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "திருப்பிப் போடுடா, அது மீனு, உங்க ஆபீஸ் ஃபைல் இல்ல, அப்படியே கெடக்கட்டும்னு விட" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். நீ சொன்னபடியே செய்தேன். வெறுங்காலோடுதான் நின்றேன். மணம் வந்தபோது அக்காவே வாயடைத்துவிட்டாள். தெய்வத்துக்குத் தட்டு எடுத்து, பெரிய துண்டாக இரண்டு வைத்து, பரணில் கொண்டுபோய் மூடினேன்.

காலையில் போய்க் கூடையைத் தூக்கினேன். தட்டு வைத்தபடியே இருந்தது. சோற்றில் ஒரு பருக்கை நகரவில்லை.

நம் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருஷம்கூட இப்படி ஆனதில்லை. ஒவ்வொரு வருஷமும் நீ தட்டைக் கீழே கொண்டுவருவாய், அதில் மீன்முள் கிடக்கும், அம்மா கைகூப்புவாள். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கூடையைத் திரும்ப மூடினாள். அப்புறம், "பிரபா வரதுக்கு முன்னாடி இப்படித்தான்டா, தொடாமலே கெடக்கும். அவ வந்த ராசியிலதான் தெய்வம் சாப்பிட ஆரம்பிச்சது. இப்ப அவ இல்ல, அதுவும் இல்ல" என்றாள்.

நான் சாஸ்திரம் பார்க்கிறவன் அல்ல, உனக்குத் தெரியும். ஆனாலும் என் தாத்தா கட்டிய வீடு என் கையால் ஒரு பிடி சோறு வாங்கிக்கொள்ளவில்லை. மனது விட்டுப்போய்விட்டது. மனைக்காரரிடம் சரி என்று சொல்லச் சொல். நீ ஜெயித்துவிட்டாய். வருத்தமாகச் சொல்லவில்லை, நீ அங்கே சௌகரியமாக இருக்கிறாய் என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்தான்.

சர்வானந்த்


ஜம்மு
டிசம்பர் 22

நீரஜாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரோஷனுக்கும் நீரஜாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தெய்வம் பற்றிய பகுதியை விட்டுவிட்டு வாசித்தேன். நீரஜாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தெற்குப் பார்த்த சமையலறை வைக்கலாம் என்கிறார் மாப்பிள்ளை.

எனக்கும் சந்தோஷம்தான்.

மீன் கொஞ்சம் சிறியதாக இருந்ததோ? பூனைக்குப் பயந்து கூடையின் மேல் கல் எதுவும் வைத்தீர்களா? சும்மா கேட்கிறேன். அவசரப்பட்டு வீட்டில் எதையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

குழந்தைக்குச் சளி. அதிகம் எழுத நேரமில்லை.

பிரபாவதி


ரைனாவாரி
டிசம்பர் 27

பிரபா,

மீன் பெரியது. கல் வைக்கவில்லை. பூனையாவது சாப்பிட்டிருந்தால் நான் தெய்வம் என்றே நம்பியிருப்பேன்.

நீ சொல்லும் முன்பே ஒன்று கொடுத்துவிட்டேன். உன் கீரை விதை, டர்னிப் விதை, பூசணி விதை எல்லாவற்றையும் துணி முடிச்சுகளோடு சுல்தான் மனைவியிடம் கொடுத்தேன். மார்ச்சில் விதைக்க நாம் இருக்கமாட்டோம், விதை வீணாவானேன்? ஜம்முவில் அந்தக் கீரை வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

கடுங்குளிர் நாற்பது நாள் தொடங்கிவிட்டது. கூரை விளிம்பில் பனிக்கட்டி என் கை நீளத்துக்குத் தொங்குகிறது. தோட்டத்தில் வேலி மறைந்துவிட்டது, பக்கத்து வீட்டுத் தோட்டமும் நம்முடையதும் ஒன்றாகிவிட்டன. துவைக்கும் கல்லிலிருந்து ஹாக் பாத்தி வரைக்கும் பாதை வெட்டினேன். பனியை விலக்கினால் அடியில் கீரை பச்சையாகவே இருக்கிறது. நீ சொன்னபோது நான் நம்பவில்லை.

என் கால்விரல்கள் வீங்கிச் சிவந்து இரவெல்லாம் அரிக்கின்றன. அடுப்படி மண்தரையில் தினமும் வெறுங்காலோடு நிற்பதால்தான் என்கிறாள் அக்கா. உனக்கும் ஒவ்வொரு வருஷமும் இப்படி இருந்ததே, நீ டர்னிப் வேகவைத்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று டர்னிப்பும் கேரட்டும் போட்டு ஒரு குழம்பு வைத்தேன். சுக்கும் சோம்பும் சரியாக விழுந்துவிட்டன. முதல் முறையாக நன்றாக இருந்தது, நிஜமாகவே நன்றாக இருந்தது. அக்காவும் அன்று வரவில்லை. சொல்ல ஆள் இல்லாமல் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

சர்வானந்த்


ஜம்மு
ஜனவரி 1

நீரஜாவின் அப்பாவுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். அக்காவிடம் காட்ட வேண்டாம்.

வீட்டுத்தெய்வம் உங்கள் கையால் சாப்பிடவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அது என் கையாலும் சாப்பிட்டதில்லை. இத்தனை வருஷமும் அந்த மீனைச் சாப்பிட்டவள் நான்.

நான் கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலம். வீட்டில் பதினான்கு பேர். அந்தச் சனிக்கிழமை விடிந்தது முதல் மீன் ஆய்ந்து, பொரித்து, குழம்பு வைத்தேன். ருசி பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. முதலில் தெய்வத்துக்கு எடுத்தாயிற்று. பிறகு மாமனார், சித்தப்பாக்கள், நீங்கள், பிள்ளைகள். பிறகு அத்தை, தனா அக்கா, மற்ற பெண்கள். கடைசியாக நான் உட்கார்ந்தபோது பாத்திரத்தில் முள்ளங்கி மட்டும்தான் இருந்தது. நான் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் மீன் கேட்கும் வீட்டில் வளர்ந்தவள். அப்போது எனக்குப் பதினேழு வயது.

மறுநாள் விடிந்ததும் அத்தை, "ஏ பொண்ணே, பரண்ல போயி தட்ட எடுத்துட்டு வா" என்றாள். கூடையைத் தூக்கினேன். மணம் வந்தது. வற்றல் சரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆறி உறைந்துபோயிருந்தது, ஆனாலும் அப்படி ஒரு மீனை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. முள்ளை எங்கே போடுவது என்று தெரியவில்லை, தட்டிலேயே விட்டுவிட்டேன். என்ன திட்டு கிடைக்குமோ என்று பயந்துகொண்டு கீழே வந்தால், அத்தை முள்ளைப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு கைகூப்புகிறாள். "மருமக வந்த ராசி! பாருங்கடி, தெய்வம் சாப்பிட்டிருக்கு!" என்று தெருவெல்லாம் சொன்னாள். அதுவரை நான் எதற்கெடுத்தாலும் திட்டு வாங்கியவள். அன்றிலிருந்து லட்சுமி ஆனேன்.

அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது? அடுத்த வருஷம் தட்டு தொடாமல் இருந்தால் ராசி போய்விட்டது என்பார்களே. சாப்பிட்டேன். அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொருவராகப் போய் நாம் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகு, பாத்திரத்தில் மீன் வேண்டிய மட்டும் இருந்தது. அப்போதும் போய்ச் சாப்பிட்டேன். அது பழக்கம். இதைப் பாவம் என்று நான் நினைக்கவில்லை. பசித்த வீட்டுப் பெண் சாப்பிட்டால் எந்தத் தெய்வம் கோபிக்கும்?

இப்போது சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். உங்கள் பதினேழாம் தேதிக் கடிதம் வந்தபோது முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், தெற்குப் பார்த்த சமையலறை, வெயில், பேத்தி எல்லாம் எனக்கு. இருந்தும் பார்த்தேன். குழம்பு நன்றாக வந்தது, சொல்ல ஆள் இல்லை என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். நல்ல குழம்பு வைத்து ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டை விற்பதானால் விற்போம். ஆனால் தெய்வம் உங்களை ஒதுக்கிவிட்டது என்று நினைத்து விற்க வேண்டாம். அது யாரையும் ஒதுக்கவில்லை. நீங்கள் வைத்ததை அது மரியாதையாகத் தொடாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

பிரபாவதி


ரைனாவாரி
ஜனவரி 9

பிரபா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் சுல்தான் பால் செம்போடு உள்ளே ஓடிவந்துவிட்டார். பிறகு இன்னொரு முறை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

அந்தப் பதினான்கு பேரில் நானும் ஒருவன். என் தட்டில் இரண்டு துண்டு விழும், சில வருஷம் மூன்று. உன் தட்டில் என்ன விழுந்தது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அக்காவிடம் காட்டாதே என்றாய். காட்டவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் விடவில்லை, வாயால் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், ஏற்றுக்கொள்கிறேன். அக்கா சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "அடிப் பாவி! எனக்கு ஏன்டா இது தோணாமப் போச்சு? கல்யாணம் ஆயிப் போற வரைக்கும் இந்த வீட்டுல நானும் முள்ளங்கிதானேடா தின்னேன்! அதே பரணுக்கு நானும்தானே போனேன், தட்ட அப்படியே தூக்கிட்டு வந்தேனே, மக்கு!" போகும்போது வாசலில் நின்று, "அவளுக்கு எழுது, அந்த ராசி நெசமான ராசிதான்னு" என்றாள்.

விதை முடிச்சுகளைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டேன். சுல்தான் மனைவி, "ஒருநாளு குடுக்கறீங்க, ஒருநாளு கேக்கறீங்க, என்ன பண்டித்ஜி, வெதையா பந்தா?" என்றாள். பூசணியில் ஒரு பிடி அவளே வைத்துக்கொண்டாள்.

அடுப்படியில் வைக்கோல் பாய் விரித்து, அதன் மேல் கம்பளித்துண்டு போட்டேன். அம்மா இருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டாள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பந்தயத்தை விட்டுவிடுவோம். வீடா மனையா, நீ சொல். ஒரு மாதம் அந்தத் தரையில் நின்றவனுக்கு உன்னிடம் வாதாட வாய் இல்லை. நீ மனை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு, விதை முடிச்சுகளை எடுத்துக்கொண்டு கிளம்பி வருகிறேன். அங்கே எது முளைக்கிறதோ அதைச் சாப்பிடுவோம்.

சர்வானந்த்


ஜம்மு
ஜனவரி 25

நீரஜாவின் அப்பாவுக்கு,

பாதை மூடியிருந்ததால் உங்கள் கடிதம் தாமதமாக வந்தது. என் முடிவும் தாமதமாகத்தான் வந்தது.

மனைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். நீரஜா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்ட நான் வேண்டியிருந்ததால் பேசிவிட்டாள். எனக்கு வெயில் பிடிக்கும் என்பது பொய்யில்லை. அதனால் இனிமேல் ஒவ்வொரு வருஷமும் பனி விழும் முன் நான் இங்கே வந்துவிடுவேன், சிவராத்திரிக்குத் திரும்புவேன். குளிர்காலத்து அடுப்படி உங்களுடையது. வேண்டுமென்றால் பூட்டிவிட்டு நீங்களும் வாருங்கள், பேத்தி உங்கள் மூக்கைப் பார்த்து ஆறுதல் அடையட்டும். மற்ற மாதங்களில் தோட்டத்தில் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் என்னைக் கேட்க வேண்டும். நீங்கள் கிளறிய கிழங்குகள் என் நர்கிஸ் பூ. அதைப் பற்றி நேரில் பேசுகிறேன்.

அக்காவிடம் சொன்னதற்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தெரிந்தது எனக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது.

பாதை மறுபடி மூடாது என்று ஆனதும் முதல் பஸ்ஸில் வருகிறேன். வருகிற நாள் தெரிந்ததும் தந்தி கொடுக்கிறேன். அன்று ஜூனியிடம் நல்ல மீனாக வாங்குங்கள். அக்காவைக் கூப்பிடுங்கள். சமைப்பது நீங்கள். முதல் தட்டைத் தெய்வத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, அடுத்த தட்டை எனக்குப் போடுங்கள். அதில் மீன் இருக்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும். எல்லோரும் பார்க்க, நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

பிரபாவதி